ஆறாம் வகுப்பில் எந்த போர்டு? சமச்சீர், சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ: பாடத்தை வைத்து ஓர் அலசல்

அஞ்சாவது முடிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் பிப்ரவரி, மார்ச் வந்தாலே இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். சிபிஎஸ்இ போட்டால் நீட்டுக்கு நல்லது, ஐசிஎஸ்இ என்றால் இங்கிலீஷ் பிச்சு உதறுவான், சமச்சீர் என்றால் மார்க் அள்ளலாம் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் கணக்கு டியூஷன் எடுப்பவன். மூன்று போர்டுப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள், அவர்களுடைய புத்தகங்கள் தினமும் என் கையில்தான் புரள்கின்றன. அதனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 6, 7, 8 ஆகிய மூன்று வருடத்துக்கு அறிவியலும் சமூக அறிவியலும் எந்த போர்டில் படித்தாலும் பெரிய நஷ்டம் கிடையாது, விட்டதை ஒன்பதாவதில் பிடித்துக்கொள்ளலாம். மொழியையும் கணக்கையும் அப்படிப் பிடிக்க முடியாது. முடிவு எடுப்பதாக இருந்தால் இந்த இரண்டையும் பார்த்து எடுங்கள்.

நீட் பேச்சை இங்கேயே முடித்துவிடலாம். அந்தத் தேர்வின் பாடத்திட்டம் 11, 12ஆம் வகுப்புப் பாடங்களை வைத்தது. அதற்காக ஆறாவதிலேயே போர்டு மாற்றுவது தேவையில்லாத அவசரம்.

முதலில் மொழி. சமச்சீரில் இரண்டே மொழி, தமிழும் ஆங்கிலமும். 1968லிருந்து மாநிலத்தின் கொள்கை இதுதான், 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் இதையே உறுதி செய்திருக்கிறது. சிபிஎஸ்இயில் எட்டாவது வரை மூன்று மொழி, ஐசிஎஸ்இயிலும் எட்டாவது வரை மூன்றாவது மொழி ஒன்று உண்டு. கேட்கும்போது மூன்று இரண்டைவிடப் பெரிதாகத் தெரியும். ஆனால் டைம்டேபிளை வாங்கிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பல பள்ளிகளில் இந்தி இரண்டாம் மொழியாகவும் தமிழ் மூன்றாம் மொழியாகவும் இருக்கிறது. மூன்றாம் மொழிக்கு வாரத்தில் கிடைப்பது சொற்ப பீரியட், புத்தகமும் மெலிசு. அந்தப் பிள்ளை எட்டாவது முடிக்கும்போது தமிழில் பேருந்துப் பலகையை வாசிக்கும், ஆனால் ஒரு பக்கக் கட்டுரையைத் தானாக எழுதச் சொன்னால் திணறிப்போகும். இதை நான் வருடா வருடம் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சமச்சீர்த் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு இயலிலும் செய்யுள், உரைநடை, விரிவானம், அப்புறம் 'கற்கண்டு' என்ற தலைப்பில் இலக்கணம். ஆறாவதில் எழுத்துகளின் வகையும் தொகையும், ஏழாவதில் குற்றியலுகரமும் குற்றியலிகரமும், எட்டாவதில் எழுத்துகளின் பிறப்பு என்று படிப்படியாக ஏறும். இந்த வரிசை வேறு எந்த போர்டிலும் இவ்வளவு முழுமையாகக் கிடைக்காது. 2006ஆம் வருடத் தமிழ் கற்றல் சட்டம் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் பத்தாவது வரை தமிழைக் கட்டாயமாக்கியது. 2014ல் வந்த அரசாணை மற்ற போர்டுப் பள்ளிகளிலும் 2015-16ல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகத் தமிழ் நடத்த வேண்டும் என்றது. அதனால் சேர்க்கப் போகும்போது "தமிழ் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். தமிழ் இரண்டாம் மொழியா மூன்றாம் மொழியா, வாரத்துக்கு எத்தனை பீரியட், எந்தப் புத்தகம் என்று கேளுங்கள்.

ஆங்கிலத்தில் ஐசிஎஸ்இதான் முன்னால் நிற்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். பெரும்பாலான பள்ளிகளில் மொழி ஒரு தாள், இலக்கியம் ஒரு தாள் என்று இரண்டாகவே நடத்துகிறார்கள், பிள்ளை சொந்தமாக எழுதும் அளவும் அதிகம். இதில் எனக்கு ஒரு கவலை உண்டு. வீட்டில் ஆங்கிலம் புழங்காத பிள்ளையை ஆறாவதில் நேராக அங்கே போட்டால் வரலாறு, புவியியல், இயற்பியல் எல்லாமே அதற்கு ஆங்கிலப் பரீட்சையாகிவிடும். கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கும், எழுத வராது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அங்கேயே படிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். உண்மையான வித்தியாசம் இங்கேதான்.

சமச்சீர் ஆறாம் வகுப்பு முதல் பருவத்திலேயே இயற்கணிதம் அறிமுகமாகிவிடும், விகிதம், விகித சமமும் வந்துவிடும். இரண்டாம் பருவத்தில் பட்டியல், இலாபம், நட்டம். கடையில் பில் பார்க்கத் தெரிய வேண்டும் என்று ஒரு பாடமே வைத்திருக்கிறார்கள், எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் அது. தவிர ஒவ்வொரு வகுப்பிலும் 'தகவல் செயலாக்கம்' என்று ஓர் அலகு. எட்டாவதில் அதற்குள் பிபனோச்சி எண்கள், வரைபடத்துக்கு வண்ணமிடுதல், ரகசியக் குறியீடு எல்லாம் இருக்கின்றன. பல பள்ளிகளில் 'பரீட்சைக்கு அவ்வளவா வராது' என்று அதைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், அநியாயம். 2018ல் ஆறாவதுக்கும் 2019ல் ஏழு, எட்டுக்கும் வந்த இந்தப் புதிய புத்தகங்கள் பழையதைவிட எவ்வளவோ மேல். சமச்சீர் என்றாலே லேசு என்று இன்னும் பேசுகிறவர்கள் இவற்றைத் திறந்துகூடப் பார்க்காதவர்கள்.

சிபிஎஸ்இயில், மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் புதிய புத்தகங்கள் 2024ல் ஆறாவதுக்கும் 2025ல் ஏழு, எட்டுக்கும் வந்தன. கணக்குப் புத்தகத்தின் பெயர் 'கணித பிரகாஷ்'. இதில் ஆறாவதில் எழுத்தை வைத்து எழுதும் இயற்கணிதம் கிடையாது, அது ஏழாவதுக்குப் போய்விட்டது. விகித சமம் எட்டாவதில்தான். பார்த்தால் பாடம் குறைவு என்று தோன்றும். ஆனால் ஆறாவதில் 'எண் விளையாட்டு' என்று ஒரு பாடம் இருக்கிறது, அதில் காப்ரேகரின் மாய எண் வருகிறது. ஏதாவது ஒரு நான்கு இலக்க எண், 3524 என்று வையுங்கள். இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினால் 5432, சிறிதிலிருந்து பெரிதாக 2345, கழித்தால் 3087. அதையே திரும்பச் செய்தால் 8730லிருந்து 0378 போக 8352. இன்னொரு முறை, 8532லிருந்து 2358 போக 6174. இனி எத்தனை முறை செய்தாலும் 6174தான். நான்கு இலக்கமும் ஒரே எண்ணாக இல்லாதவரை எதில் தொடங்கினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர் 1949ல் கண்டுபிடித்தது. இந்தப் பக்கத்தைப் போட்டுக்கொடுத்த அன்றைக்கு டியூஷன் முடிந்தும் பிள்ளைகள் எழுந்து போகவில்லை, சமச்சீர்ப் பிள்ளைகளும் நோட்டைத் திறந்து கழித்துக்கொண்டிருந்தார்கள். கழித்தலில் கடன் வாங்கத் தடுமாறும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

ஆனால் இந்தப் புத்தகம் ஆசிரியரை நம்பி எழுதப்பட்டது. 'ஏன் அப்படி? உன் நண்பனோடு பேசிப் பார்' என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடும். பேச நேரம் கொடுக்கும் ஆசிரியர் இருந்தால் தங்கம். நேராகப் பயிற்சிக் கணக்குக்கு ஓடுபவர் இருந்தால் பிள்ளைக்குப் புத்தகமும் புரியாது, பழக்கமும் வராது. சமச்சீர்ப் புத்தகம் சுமாரான ஆசிரியர் கையிலும் ஓரளவு நடந்துவிடும். ஐசிஎஸ்இயில் ஆறாவதிலேயே கணங்கள், விகிதம், இயற்கணிதம் எல்லாம் உண்டு, பயிற்சிக் கணக்குகளும் ஏராளம். கணக்கில் வேகமான பிள்ளைக்கு அது தீனி, மற்றவர்களுக்குப் பாரம்.

இங்கேதான் போர்டு மாற்றுகிறவர்கள் அடி வாங்குகிறார்கள். சிபிஎஸ்இயில் ஆறாவது முடித்த பிள்ளையை ஏழாவதுக்கு, சமச்சீர் நடத்தும் மெட்ரிக் பள்ளியில் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். அங்கே முதல் பருவத்திலேயே நேர் மற்றும் எதிர் விகிதம் காத்திருக்கும். வகுப்பில் எல்லோரும் விகிதம் போன வருடமே படித்தவர்கள், இந்தப் பிள்ளைக்கு மட்டும் அது புதுசு. '5 பேர் 12 நாளில் முடிக்கும் வேலையை 6 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்' என்று கேட்டால், ஆள் கூடினால் நாளும் கூடும் என்று பெருக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும். மக்கு ஆகிவிட்டானோ என்று அம்மா அப்பா பயந்து வருகிறார்கள். ஒன்றும் ஆகவில்லை, ஒரு பாடம் நடுவில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். எதிர்ப்பக்கமாக மாறுகிறவர்களுக்கு வேறு மாதிரி: முறை எல்லாம் தெரியும், 'எப்படி வந்தது, விளக்கு' என்றால் பேனா நின்றுவிடும். இரண்டில் இரண்டாவது சீக்கிரம் சரியாகிவிடும்.

அறிவியலில் மேலோட்டமாகச் சொன்னால் போதும். சமச்சீரில் ஒரே புத்தகம், ஒவ்வொரு பருவத்தின் கடைசியிலும் கணினிப் பாடம் ஒன்று சேர்ந்தே வரும். ஏழாவதிலேயே அணு அமைப்பு, இணைதிறன் வரை போய்விடுவார்கள். என்சிஇஆர்டியின் ஆறாவது புத்தகத்தில் 12 பாடம், காந்தம், வெப்பநிலை, பிரித்தெடுத்தல் என்று கையால் செய்து பார்க்கிற விஷயங்கள்தான் அதிகம், அணுவுக்கு அவசரப்படுவதில்லை. பன்னிரண்டு வயதில் இணைதிறனை மனப்பாடம் செய்வதைவிட உப்புத் தண்ணீரைக் காய்ச்சிப் பார்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். ஐசிஎஸ்இயில் இயற்பியல், வேதியியல், உயிரியல் தனித்தனி. மூன்று ஆசிரியர் இருந்தால் சந்தோஷம், ஒரே ஆசிரியர் மூன்று நோட்டு எழுதவைத்தால் அதில் என்ன பெருமை? அரசுப் பள்ளியில் 6 முதல் 8 வரை 'வானவில் மன்றம்' என்று 2022 நவம்பரில் தொடங்கிய திட்டம் இருக்கிறது, கருத்தாளர்கள் பொருட்களோடு வந்து வகுப்பில் சோதனை செய்து காட்டுகிறார்கள். இதைப் பற்றித் தனியார் பள்ளிப் பெற்றோர் பலருக்குத் தெரியவே தெரியாது.

சமூக அறிவியலில் கொஞ்சம் மனசு வைத்துப் பாருங்கள். சமச்சீர் ஆறாவதில் சிந்துவெளிக்கு அடுத்த பாடமே பூம்புகார், மதுரை, காஞ்சி. எட்டாவதில் பாளையக்காரர்களும் 1806 வேலூர்ப் புரட்சியும் வருகின்றன. சொந்த ஊரை வைத்து வரலாற்றுக்குள் நுழைகிற பிள்ளைக்கு ஆர்வம் தானாக வரும். என்சிஇஆர்டி பழைய வரலாறு, புவியியல், குடிமையியல் என்ற மூன்று புத்தகத்தையும் ஒன்றாக்கி, கருப்பொருள் வாரியாகப் பிரித்துவிட்டது. உள்ளாட்சிக்கு ஆறாவதிலேயே நிறைய இடம் கொடுத்திருப்பது நல்ல விஷயம். டெல்லி சுல்தான்களும் முகலாயரும் ஏழாவதிலிருந்து எட்டாவதுக்கு நகர்ந்திருக்கிறார்கள். அண்ணன் அக்காவின் பழைய புத்தகத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று எண்ணாதீர்கள், ஒன்றும் பொருந்தாது.

புத்தகச் செலவில் ஐசிஎஸ்இக்குத்தான் அதிகம். வாரியம் புத்தகம் போடுவதில்லை, தனியார் பதிப்பகப் புத்தகங்களில் பள்ளி எதைச் சொல்கிறதோ அதை வாங்க வேண்டும். மற்ற இரண்டும் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. சேர்ப்பதற்கு முன்னால் இறக்கி வாசித்துப் பாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அரசுப் பள்ளியை யோசிக்கிற குடும்பங்கள் ஒன்றை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2020ல் வந்த சட்டப்படி, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு. 2021ல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது வந்துவிட்டது. கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு வைக்கின்றன. எட்டாவதில் எழுதும் என்எம்எம்எஸ் தேர்வில் தேறினால் ஒன்பதிலிருந்து 12 வரை வருடத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை, அது அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, குடும்ப வருமான வரம்பும் உண்டு. கட்டாயக் கல்விச் சட்டத்தின் இலவச இடத்தில் இல்லாமல், ஏழாவதையும் எட்டாவதையும் தனியாரில் படித்துவிட்டு ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு வந்தால் 7.5 கிடைக்காது. இது தெரியாமல் மாற்றிவிட்டுப் பன்னிரண்டாவது முடிந்தபிறகு தலையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

எட்டாவதில் பெயில் போடுவார்களா என்றும் கேட்கிறார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தி, 5, 8 வகுப்புகளில் மறுதேர்விலும் தேறாவிட்டால் நிறுத்திவைக்கலாம் என்றது, கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்கு அது பொருந்தும். தமிழ்நாடு எட்டாவது வரை தேர்ச்சி என்ற முறையைத் தொடர்கிறது.

என்னைக் கேட்டால், வீட்டில் ஆங்கிலம் புழங்காத, தமிழை நன்றாகப் படிக்க வேண்டிய பிள்ளைக்குச் சமச்சீர், முடிந்தால் நல்ல அரசுப் பள்ளி. வேலை மாற்றத்தில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் குடும்பத்துக்கு சிபிஎஸ்இ, தமிழை இரண்டாம் மொழியாக வாங்கிக்கொண்டு. ஐசிஎஸ்இ, ஏற்கெனவே அங்கே படிக்கிற பிள்ளைக்கு மட்டும். நடுவில் மாற்றியே ஆக வேண்டும் என்றால் மே மாதத்தை வீணாக்காதீர்கள். சிபிஎஸ்இ ஆறாவதிலிருந்து வருகிற பிள்ளைக்குச் சமச்சீர் ஆறாவது முதல் பருவப் புத்தகத்தில் இயற்கணிதம், விகிதம் இரண்டு பாடத்தையும் போட்டுவிடுங்கள். போகிற பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கணக்கு நோட்டையும் தமிழ் நோட்டையும் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை சொந்தமாக எழுதிய வரிகள் எத்தனை, கரும்பலகையைப் பார்த்து எழுதியது எத்தனை என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.