ஒரே நாளில் இரண்டு பேஸ்பால் ஆட்டங்கள்: சிகாகோவா, நியூயார்க்கா, பால்டிமோர்–வாஷிங்டனா?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரே நாளில் இரண்டு மைதானங்களில் இரண்டு ஆட்டங்களை முழுமையாகப் பார்க்க நினைப்பவர்கள் முதலில் மைதானங்களுக்கு இடையிலான தூரத்தைத்தான் அளக்கிறார்கள். தூரத்தைவிட முக்கியமானது, முதல் ஆட்டம் முடிந்து இரண்டாவது தொடங்கும் வரை கிடைக்கும் அவகாசமும், அந்த நேரத்தில் நம்பி ஏறக்கூடிய ரயிலும் ஆகும். 2023ஆம் ஆண்டில் பந்து வீசுவதற்குக் காலக்கெடு விதிக்கும் பிட்ச் கிளாக் வந்த பிறகு, ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் என்பதிலிருந்து ஏறத்தாழ 2 மணி 40 நிமிடமாகக் குறைந்துவிட்டது. ஆயினும் மழைக்கும் கூடுதல் இன்னிங்ஸுக்கும் சேர்த்து ஒரு மணி நேரமாவது ஒதுக்கி வைப்பதுதான் விவேகம்.

இந்தக் கணக்கில் சிகாகோவுக்கு ஈடில்லை. நகரின் வடக்கே கப்ஸ் அணியின் ரிக்லி ஃபீல்ட், தெற்கே ஒயிட் சாக்ஸ் அணியின் ரேட் ஃபீல்ட். இரண்டும் ரெட் லைன் ரயில் பாதையிலேயே இருப்பதால், அடிசன் நிலையத்தில் ஏறிச் சாக்ஸ்–35 நிலையத்தில் இறங்கும் வரை வண்டி மாற வேண்டியதில்லை. 1988 வரை ரிக்லியில் மின்விளக்குகளே கிடையாது. அவை வந்த பிறகும், வீடுகளுக்கு நடுவே அமைந்த மைதானம் என்பதால் இரவு ஆட்டங்களுக்கு மாநகரச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. ஆகவே அங்கு வெள்ளிக்கிழமை ஆட்டம் பெரும்பாலும் பிற்பகல் 1:20க்குத் தொடங்கி நான்கு மணியளவில் முடியும். தெற்கில் ஆட்டம் 6:40 அளவில்தான் தொடங்கும் என்பதால், ஒரு மணி நேர மழையையும் இந்த ஏற்பாடு தாங்கும்.

அதைவிடப் பெரிய காரணம், இவ்விரு மைதானங்களும் ஒன்றையொன்று சிறிதும் ஒத்திராததுதான். 1914இல் திறக்கப்பட்ட ரிக்லியின் அவுட்ஃபீல்ட் எனப்படும் வெளிக்களத்தின் சுவரில் படர்ந்துள்ள ஐவி கொடிக்குள் பந்து சிக்கிக்கொண்டால், அங்கு காக்கும் அவுட்ஃபீல்டர் இரு கைகளையும் உயர்த்தி நிற்பார். நடுவர் பேட்டருக்கு இரண்டு பேஸ் (ஓடித் தொட வேண்டிய தளங்கள்) வழங்குவார். அவுட்ஃபீல்டர் கையை உயர்த்தாமல் கொடிக்குள் துழாவத் தொடங்கினால், பந்து ஆட்டத்தில் இருப்பதாகவே கொள்ளப்படும். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர்போர்டின் மேல் ஏற்றப்படும் துணிக் கொடியைப் பார்த்தே ரயிலில் செல்பவர்கள் முடிவைத் தெரிந்துகொள்ளலாம்: வெள்ளையில் நீல ‘டபிள்யூ’ என்றால் வெற்றி. 1991இல் திறக்கப்பட்ட ரேட் ஃபீல்டில் இத்தகைய பழமை எதுவும் இல்லை. அங்கே சுவரைத் தாண்டிப் பந்தை அடிக்கும் ஹோம் ரன் விழுந்தால் ஸ்கோர்போர்டின் சக்கரங்கள் சுழன்று வாணவேடிக்கை வெடிக்கும். கதிரிலிருந்து சீவிய சோளத்தில் வெண்ணெயும் எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் சேர்த்துக் கோப்பையில் தருவார்கள். சுவையான செய்தி என்னவென்றால், 1937இல் ரிக்லியில் ஐவியை நட்ட பில் வீக்தான் பிற்காலத்தில் ஒயிட் சாக்ஸ் அணியை வாங்கி, 1960இல் அதன் பழைய மைதானத்தில் இத்தகைய வெடிக்கும் ஸ்கோர்போர்டையும் நிறுவினார்.

நியூயார்க்கிலும் ரயிலிலேயே போய்விடலாம். மெட்ஸ் அணியின் சிட்டி ஃபீல்டிலிருந்து 7ஆம் எண் ரயிலில் கிராண்ட் சென்ட்ரல் நிலையம் வந்து, 4ஆம் எண்ணுக்கு மாறினால் யாங்கீஸ் அணியின் யாங்கி ஸ்டேடியம். கூட்டத்தையும் சேர்த்து ஒரு மணி நேரம் பிடிக்கும். சிக்கல் அட்டவணையில்தான் இருக்கிறது: வார நாட்களில் இரு அணிகளும் பெரும்பாலும் இரவு ஏழு மணியை ஒட்டியே தொடங்குவதால், வார இறுதியில் ஒன்று பிற்பகலிலும் மற்றொன்று இரவிலும் அமையும் நாளைத் தேட வேண்டும். மேலும் இரண்டு மைதானங்களும் 2009இல் திறக்கப்பட்டவை. வசதி நிறைந்தவை என்றாலும், இரண்டாவதற்குள் நுழையும்போது சிகாகோவில் உண்டாகும் வியப்பு இங்கே உண்டாவதில்லை. வரலாறு மட்டும் நியூயார்க்கின் பக்கம் நிற்கிறது. மழையால் தள்ளிப்போன ஆட்டத்தை ஈடுகட்ட, 2000ஆம் ஆண்டு ஜூலை 8 அன்று மெட்ஸும் யாங்கீஸும் பகலில் மெட்ஸின் அன்றைய மைதானமான ஷே ஸ்டேடியத்திலும் இரவில் பழைய யாங்கி ஸ்டேடியத்திலும் மோதின. இரண்டிலும் யாங்கீஸ் 4–2 என்றே வென்றது.

பால்டிமோர்–வாஷிங்டன் இணையைப் பரிந்துரைப்பவர்கள் பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸ் மைதானத்தின் அழகைச் சொல்வார்கள், அதை மறுப்பதற்கில்லை. 1992இல் அது வந்த பிறகுதான் பல நகரங்கள் பழைய பாணி மைதானங்களைக் கட்டத் தொடங்கின. ஆனால் மைதானத்தின் வாசலிலேயே நிற்கும், வாஷிங்டனுக்குச் செல்லும் கேம்டன் லைன் ரயில் வார இறுதியில் ஓடுவதில்லை. பகல் ஆட்டங்களோ வார இறுதியில்தான் அதிகம். கார் இருந்தால் மட்டுமே இது நிம்மதியான நாள். இரு நகரங்கள் என்பதற்காக அஞ்ச வேண்டியதில்லை என்று வாதிடுவோர் ஜோயல் யங்பிளட் என்ற வீரரைக் காட்டலாம்: 1982 ஆகஸ்ட் 4 அன்று பகலில் ரிக்லியில் மெட்ஸுக்காக ஆடிக்கொண்டிருந்தபோதே மாண்ட்ரியால் அணிக்கு மாற்றப்பட்டு, விமானமேறி இரவில் பிலடெல்பியாவில் இறங்கி ஆடினார், இரு அணிகளுக்கும் தலா ஒரு ஹிட் அடித்தார். ஆனால் அவருக்கு டிக்கெட் எடுக்கும் கவலை இல்லை.

ஒரே நகரத்து அணிகள் இரண்டும் ஒரே நாளில் சொந்த மைதானத்தில் ஆடுவது எங்குமே குறைவுதான். அட்டவணை வெளியானதும் சிகாகோவின் வெள்ளிக்கிழமைகளை முதலில் பாருங்கள். அமையாவிட்டால் நியூயார்க்கின் சனிக்கிழமைகளுக்குப் போகலாம். ரிக்லிக்கு மட்டும் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துக்கொண்டால் போதும். 2024இல் 121 ஆட்டங்களில் தோற்ற ஒயிட் சாக்ஸ் அணியின் டிக்கெட்டைப் பெரும்பாலும் ரெட் லைனில் போகும்போதே கைபேசியில் வாங்கிவிடலாம்.