கார்ட்டூனில் ஒரு பாண்ட், புத்தகத்தில் ஒரு பாண்ட்: ஐந்து வருட அனுபவம்

மகனுக்கு 9 வயதானபோது தொடங்கியது, இப்போது அவனுக்கு 14. ஜேம்ஸ் பாண்ட் பெயரில் சிறுவர்களுக்கென்று வந்தவற்றில் இரண்டு எங்கள் வீட்டில் நன்றாகவே புழங்கின. ஒன்று, 1991-ல் வந்த 'ஜேம்ஸ் பாண்ட் ஜூனியர்' கார்ட்டூன். இன்னொன்று, சார்லி ஹிக்சன் எழுதிய 'யங் பாண்ட்' நாவல்கள்.

கார்ட்டூன் மொத்தம் 65 பகுதிகள். பாண்டின் சகோதரர் மகன் இங்கிலாந்தில் வார்ஃபீல்ட் அகாடமி என்ற பள்ளியில் படிக்கிறான். கருவிகள் செய்துதரும் 'கியூ'வின் பேரன் ஐக்யூ, பாண்டின் அமெரிக்க உளவாளி நண்பர் ஃபெலிக்ஸ் லைட்டரின் மகன் கோர்டோ எல்லாம் அவனுடைய கூட்டாளிகள். ஜாஸ், ஆட்ஜாப் போன்ற பழைய பாண்ட் பட வில்லன்களும் வருகிறார்கள். முதல் இரண்டு வாரம் மகன் டிவியை விட்டு நகரவில்லை. அப்புறம், ஆரம்பத்தில் காட்டிய கருவிதான் கடைசியில் காப்பாற்றப்போகிறது என்று முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்துவிட்டான். "அப்பா, இவன் பெரிய பாண்டுக்கு அண்ணன் மகனா, தம்பி மகனா?" என்று ஒருநாள் கேட்டான். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடிந்துவிடும் உறவு, தமிழில் உடனே கேள்வியாகிவிடுகிறது. பாண்டை உருவாக்கிய எழுத்தாளர் இயன் ஃபிளெமிங்கின் நாவல்களில் வரும் பாண்டுக்குக் கூடப்பிறந்தவர்கள் பற்றிய பேச்சே கிடையாது. பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

நாவல்கள் வேறு ரகம். ஃபிளெமிங் 1964-ல் எழுதிய ஒரு நாவலில், பாண்ட் இறந்துவிட்டதாக நினைத்து எழுதப்பட்ட இரங்கல் குறிப்பு ஒன்று வரும். 11 வயதில் பெற்றோர் மலையேற்ற விபத்தில் இறந்தது, கென்ட் மாவட்டத்தில் சார்மியன் அத்தை வளர்த்தது, இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஈட்டன் உறைவிடப் பள்ளியிலிருந்து சீக்கிரமே வெளியேறியது என்று சில வரிகள்தான். அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டு ஹிக்சன் 2005 முதல் 2008 வரை ஐந்து நாவல்கள் எழுதியிருக்கிறார். ஈட்டனை விட்டு ஏன் போனான் என்பது ஐந்தாவதில்தான் தெரியவரும். பெயரை மட்டும் வாங்கிக்கொள்ளாமல் வேரிலிருந்து கதையை வளர்த்திருக்கிறார் என்பதால்தான் எனக்கு இவர் மேல் இவ்வளவு மரியாதை.

முதல் நாவல் 'சில்வர்ஃபின்'. ஸ்காட்லாந்தில் ஓர் ஏரிக்கு ஒரு சிறுவன் திருட்டுத்தனமாக மீன்பிடிக்கப் போகிறான். காயத்திலிருந்து ரத்தம் தண்ணீரில் கலக்கிறது, விலாங்கு மீன்கள் வருகின்றன. இதைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்துக் காட்டிய அன்று விளக்கை அணைக்க மகன் விடவில்லை. பாண்டுக்கு இதில் 13 வயது. கையில் மாயக் கருவி ஒன்றும் கிடையாது. பயப்படுகிறான், அடிபடுகிறான், மூச்சு வாங்குகிறது, ஆனாலும் நீந்துகிறான். முன்னாள் உளவாளியான மேக்ஸ் சித்தப்பா நோயில் கிடந்தபடியே அவனுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தருகிற பகுதியை நாங்கள் நான்கு முறையாவது படித்திருப்போம். வேட்டையும் துரத்தலும் நிறைந்த புத்தகத்தில் மனதில் நின்றது அதுதான்.

குறைகளும் உண்டு. சார்டினியாவில் நடக்கும் 'பிளட் ஃபீவர்' நடுவில் இழுக்கிறது. மெக்சிகோவில் தொடங்கும் 'ஹரிகேன் கோல்ட்' 10 வயதுக்குக் கொடுக்கக்கூடியது இல்லை, அவ்வளவு கொடூரம். 12-க்கு மேல் சரி. இதே 'யங் பாண்ட்' வரிசையில் 2014-லிருந்து ஸ்டீவ் கோல் எழுதிய நான்கு நாவல்கள் விறுவிறுப்பாக ஓடுகின்றன, ஆனால் ஈட்டனின் அந்தக் குளிரும் நட்பும் அவற்றில் எனக்குக் கிடைக்கவில்லை. வாங்குகிறவர்கள் 'சில்வர்ஃபின்' தொடங்கி வரிசையாகவே வாங்குங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் ஐந்தாவதின் கனம் பிடிபடாது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய எங்கள் பிரதி இரண்டாம் வருடமே தாள் தாளாகக் கழன்றுவிட்டது, தைத்து வைத்திருக்கிறோம்.

இப்போது 8 வயது மகள் கார்ட்டூன் பார்க்கிறாள், ரசித்துத்தான் பார்க்கிறாள். புத்தகத்தை எடுத்துக் கொடுக்கப் போனேன். "அந்த ஏரிக் கதை வேண்டாம்பா, இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும். நானே படிச்சுக் காட்டுறேன்" என்று வாங்கி மேல் அலமாரியில் வைத்துவிட்டான் அண்ணன்காரன்.