எக்ஸ்டெண்டரா, கேபிளா?

மாடியறையில் வைஃபை ஊர்ந்தால் பலரும் முதலில் வாங்குவது, ரௌட்டரின் சிக்னலை வாங்கி மேலும் தூரம் அனுப்பும் எக்ஸ்டெண்டர். விலை குறைவு, சுவரைத் துளைக்க வேண்டாம். ஆனால் ரௌட்டரிடம் வாங்கியதை அதே அலைவரிசையிலேயே திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சிக்னல் எட்டாத அறையிலேயே அதைச் செருகுவது வீண். நடுவழியில், வைஃபையின் வேகமான அலைவரிசையான 5 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னல் இன்னும் வலுவாகக் கிடைக்கும் இடத்தில் செருக வேண்டும்.

ரௌட்டரிலிருந்து கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிளை இழுத்து, மேலே ஓர் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் கருவி) வைத்தால், 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் வேகம் குறையாமல் போகும். கான்கிரீட் சுவர் தடையே இல்லை. சொந்த வீடென்றால் தயங்காமல் கேபிளையே இழுங்கள். வாடகை வீட்டுக்கு, இரண்டு அலைவரிசைகள் உள்ள எக்ஸ்டெண்டர் போதும்.

எதை வாங்கும் முன்பும் ரௌட்டர் அருகில் நின்று வேகத்தைச் சோதியுங்கள்; அங்கேயே குறைந்தால் இரண்டுமே உதவாது.