மொரீஷியஸ்ல பிரிட்டிஷ் சிலபஸ் ஸ்கூல் – ரெண்டு பசங்களை படிக்க வச்ச அனுபவம்

எபேன்ல (இங்க ஐடி கம்பெனி எல்லாம் இருக்கற ஊர்) வேலை கிடைச்சு குடும்பத்தோட வரப்போறவங்க எல்லாரும் கேக்கற முதல் கேள்வி வீட்டு வாடகை, ரெண்டாவது ஸ்கூல். வாடகைக்கு யாரு வேணா பதில் சொல்லிடுவாங்க. ஸ்கூல் விஷயத்துல ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, அதுவும் பசங்களை சேத்து ஆறு மாசம் ஆனவங்கதான் ரொம்ப உறுதியா சொல்லுவாங்க. என் பொண்ணு பிரைமரில இருந்து ஐஜிசிஎஸ்இ (பிரிட்டிஷ் சிலபஸோட பத்தாவது பரீட்சை) எழுதி முடிச்சு இப்ப ஏ லெவல்ல (அவங்க ப்ளஸ் டூ) இருக்கா, பையன் இயர் 1ல இருந்தே அதே ஸ்கூல். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். ஸ்கூல் பேர் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன், குறையும் சொல்லப் போறேன்ல.

வகுப்புக் கணக்குல நம்ம ஆளுங்க எல்லாரும் குழம்புவாங்க, அதை முதல்ல சொல்லிடறேன். அவங்க இயர் 1ன்னா அஞ்சு வயசு, அதனால நம்ம வகுப்பு நம்பரோட ஒண்ணு கூட்டிக்கணும். இயர் 11 நம்ம பத்தாவது, இயர் 13 நம்ம ப்ளஸ் டூ. அதோட இங்க இங்கிலீஷ் வழி ஸ்கூல் பலதும் உள்ளூர் ஸ்கூல் மாதிரி ஜனவரில தொடங்கி வருஷக் கடைசில முடியும், பிரெஞ்சு லிசே (பிரான்ஸ் சிலபஸ் ஸ்கூல்) எல்லாம் ஆகஸ்ட்ல தொடங்கும், நம்ம ஊர்ல ஜூன். திருச்சில மூணாவது முடிச்சுட்டு வந்த என் பொண்ணை இயர் 4 நடுவுல உக்கார வச்சாங்க. "அங்க நாலாவது போக வேண்டிய புள்ளைய இங்க வந்து பின்னாடி தள்ளிட்டீங்களேடி"ன்னு மாமியார் போன்ல ஒரு பாட்டு. அப்படி எதுவும் இல்ல, வயசுக்கு சரியான வகுப்புதான்.

இன்னொண்ணு, மொரீஷியஸ்ல பிரிட்டிஷ் சிலபஸ்ங்கறது காசு கொடுத்து வாங்கற அபூர்வ சரக்கு இல்ல. இந்த நாட்டு அரசு ஸ்கூல் பசங்களே ஸ்கூல் சர்டிபிகேட் (எஸ்சி), ஹையர் ஸ்கூல் சர்டிபிகேட் (எச்எஸ்சி)னு எழுதறது கேம்பிரிட்ஜ் பரீட்சைதான், மொரீஷியஸ் எக்ஸாமினேஷன்ஸ் சிண்டிகேட் இங்க நடத்துது. கியூர்பிப் ராயல் காலேஜ், ரோஸ் ஹில் குயின் எலிசபெத் காலேஜ் பசங்க ரிசல்ட் அன்னைக்கு லோரேயா (அரசு ஸ்காலர்ஷிப் ஜெயிச்சவங்க) ஆனவங்களை தோள்ல தூக்கிட்டு ஆடறதை டிவில காட்டுவாங்க, பாத்தா நம்ம ஊர் ப்ளஸ் டூ ரிசல்ட் எல்லாம் ஒண்ணுமே இல்ல. இதை ஏன் சொல்றேன்னா, இன்டர்நேஷனல் ஸ்கூல் விளம்பரத்துல பிரிட்டிஷ்காரங்க படத்தை பெருசா போடுவாங்க, உள்ள போனா டீச்சர்ஸ்ல பாதி மொரீஷியஸ்காரங்க, மிச்சம் சவுத் ஆப்பிரிக்கா, இந்தியா, எங்கயோ ஒருத்தர் இங்கிலாந்து. அதை பாத்து முகம் சுளிக்கற நம்ம ஆளுங்களை பாத்திருக்கேன். என் பொண்ணுக்கு கிடைச்சதுலயே சிறந்த டீச்சர்ஸ் உள்ளூர்க்காரங்கதான். தாங்களே எஸ்சி, எச்எஸ்சி எழுதி வந்தவங்க, பழைய கேள்வித்தாள் எல்லாம் தலைகீழ் பாடம், எந்த வார்த்தை எழுதினா மார்க் விழும், எது எழுதினா விழாதுன்னு மார்க் ஸ்கீமை கரைச்சு குடிச்சிருப்பாங்க. மேத்ஸ் மிஸ் ஒருத்தர், வீட்ல இந்த ஊர் பேச்சு மொழி கிரியோல்தான் பேசறவங்க, தாத்தா பாட்டி தமிழ்க்காரங்க, அவங்க இல்லன்னா என் பொண்ணுக்கு ஏ ஸ்டார் வந்திருக்காது.

பிரைமரி காலம் நிஜமாவே நல்லா இருந்துச்சு. வாரத்துக்கு ஒரு லைப்ரரி புக், ஒப்பிச்சு காட்டற வேலை இல்ல, கணக்குல விடை சரியா இருந்தாலும் எப்படி வந்துச்சுன்னு எழுத சொல்லுவாங்க. நம்ம ஊர்ல இருந்து வர்ற பசங்க வாய்ப்பாடு சொல்றதுல எல்லாரையும் அசத்திடுவாங்க, ஆனா நாலு வரி சொந்தமா எழுதச் சொன்னா முழிப்பாங்க, என் பொண்ணும் முழிச்சா, அது சரியாகறதுக்கு ஒரு வருஷம் ஆச்சு. இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியோட ஆறு மனைவி பேரையும் வரிசையா சொல்லுவா, ராஜராஜ சோழன் யாருன்னு கேட்டா சினிமா பேர் சொல்லுவா. அதை நாமதான் வீட்ல சரிகட்டணும்.

மைதானத்து மொழி இங்கிலீஷ் இல்லங்க, பிரெஞ்சும் கிரியோலும்தான். வகுப்புல இங்கிலீஷ், மணி அடிச்ச உடனே பிரெஞ்சு. பிரெஞ்சு தெரியாம ஏழாவது எட்டாவதுல வந்து சேர்ற பசங்களுக்கு முதல் கொஞ்ச நாள் ரொம்ப தனிமை, அதை ஓப்பன் டேல யாரும் சொல்ல மாட்டாங்க. சின்ன பசங்கன்னா கவலையே வேணாம், என் பையன் கேன்டீன்ல காத்தோ பிமான் கேக்கற கிரியோலை கேட்டா இங்கயே பிறந்தவன்னு நினைப்பீங்க (காத்தோ பிமான்னா நம்ம பருப்பு வடைதான், கொஞ்சம் உருண்டையா இருக்கும்).

தமிழ்? எங்க ஸ்கூல்ல இல்ல. வேடிக்கை என்னன்னா அரசு பிரைமரி ஸ்கூல்ல தமிழ் பாடம் இருக்கு, ரூபாய் நோட்டுல தமிழ் இருக்கு, தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க லீவு, ஆனா இவ்ளோ பீஸ் கட்டற இடத்துல அ ஆ சொல்லிக்கொடுக்க ஆள் இல்ல. நானே வீட்ல உக்கார வச்சு சொல்லிக்கொடுத்தேன், பொண்ணு நல்லா படிப்பா, பையன் எழுத்துக்கூட்டி படிப்பான்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஸ்கூலை சேக்கற வகுப்பை வச்சு தேர்ந்தெடுக்காதீங்க, வெளிய வரப்போற வகுப்பை வச்சு பாருங்க. இயர் 9 வரைக்கும் எந்த நாட்டுக்கு போனாலும் எந்த பிரிட்டிஷ் ஸ்கூல்லயும் உள்ள நுழைஞ்சுடலாம், பெரிய சேதம் இல்ல. இயர் 10, 11 ரெண்டும் சேந்து ஒரே கோர்ஸ், ஐஜிசிஎஸ்இ. அதை நடுவுல உடைச்சா பிரச்சினைதான். எங்களுக்கு தெரிஞ்ச குடும்பம் ஒண்ணு பொண்ணு இயர் 10ல இருக்கும்போது ஆகஸ்ட்ல துபாய் மாத்தலாச்சு. இங்க அவ எழுத வேண்டியது அடுத்த வருஷம் அக்டோபர் நவம்பர் பரீட்சை, அங்க ஸ்கூல் எழுதறது மே ஜூன் பரீட்சை, அதுவும் கேம்பிரிட்ஜ் இல்ல, பியர்சனோட எடெக்ஸெல். பாடத்திட்டமே வேற, இருந்த அவகாசத்துல அரை வருஷம் காணோம். கடைசில மறுபடி இயர் 10லயே சேத்தாங்க, அந்த பொண்ணு அழுத அழுகை. அதனால விசா, கான்ட்ராக்ட் எப்ப முடியுதுங்கறதையும் பிள்ளையோட இயர் 10 எப்ப வருதுங்கறதையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வச்சு பாருங்க. வீட்டுக்காரர் கம்பெனிக்கு இதெல்லாம் புரியாது, நாமதான் சொல்லணும்.

இந்தியா திரும்பறவங்களுக்கு நவம்பர் பரீட்சை ஒரு விதத்துல வசதி. ரிசல்ட் ஜனவரி நடுவுல வந்துடும், ஜூன்ல காலேஜ் சேர நிறைய டைம். மே ஜூன் எழுதினா ரிசல்ட் ஆகஸ்ட்லதான் வரும், அதுக்குள்ள நம்ம ஊர் கவுன்சிலிங் பாதி ஓடிடும். இந்தப் படிப்பு நம்ம ஊர் படிப்புக்கு சமம்னு சமச் சான்றிதழ் வாங்கணும், பத்தாவதுக்கு சமமா எடுத்துக்க ஐஜிசிஎஸ்இல குறைஞ்சது அஞ்சு சப்ஜெக்ட்ல சி கிரேடோ அதுக்கு மேலயோ வேணும். மெடிக்கல் ஆசை இருந்தா ஏ லெவல்ல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூணும் எடுத்தே ஆகணும், இஞ்சினியரிங்னா பயாலஜிக்கு பதிலா மேத்ஸ். இங்கதான் சின்ன ஸ்கூல்ல மாட்டிப்பீங்க, ஏன்னா ஏ லெவல்ல மொத்தமே பத்து பன்னெண்டு பசங்கன்னா எல்லா சப்ஜெக்டையும் நடத்த மாட்டாங்க, பிசிக்ஸும் பயாலஜியும் ஒரே பீரியட்ல வரும், ரெண்டுல ஒண்ணை எடுன்னுவாங்க. டைம்டேபிளை கையில வாங்கி பாக்காம சேக்காதீங்க.

லேப் பத்தி தனியா சொல்லணும், எங்க ஸ்கூல் மேல எனக்கு இருக்கற பெரிய கோபம் அதுதான். கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ சயின்ஸ்ல பேப்பர் 5ன்னா நிஜமான பிராக்டிகல், பேப்பர் 6ன்னா பிராக்டிகலுக்கு பதிலா எழுத்துத் தேர்வு. பேப்பர் 6 எடுக்கறது தப்பே இல்ல, நிறைய நல்ல ஸ்கூலும் எடுக்குது. எங்க ஸ்கூல்ல என்ன ஆச்சுன்னா கெமிஸ்ட்ரி சார் இயர் 10 நடுவுல வேலையை விட்டுட்டு போயிட்டார், புதுசா ஆள் வர ஒரு டெர்ம் ஆச்சு, அப்புறம் சிலபஸ் முடிக்கற அவசரத்துல பசங்களை லேப் பக்கமே விடல, பழைய பேப்பர் 6 கேள்வியா போட்டு தள்ளிட்டாங்க. மார்க் வந்துடுச்சு. ஆனா ஏ லெவல்ல அந்த பருப்பு வேகாது, அங்க பிராக்டிகல் பேப்பர் கட்டாயம். என் பொண்ணு முதல் தடவை டைட்ரேஷன் பண்ணப்ப ப்யூரெட்டை எப்படி பிடிக்கறதுன்னே தெரியல, பக்கத்துல எச்எஸ்சி ஸ்கூல்ல இருந்து வந்த பையன் சர்வ சாதாரணமா பண்ணிட்டு போறான். இத்தனைக்கும் அவன் வந்தது பீஸே இல்லாத ஸ்கூல்ல இருந்து.

அதே மாதிரி ஐஜிசிஎஸ்இல ஒரே சப்ஜெக்ட்லயே கோர் (சுலபமானது), எக்ஸ்டெண்டட் (முழுசா)னு ரெண்டு இருக்கு. கோர்ல எழுதினா எவ்ளோ நல்லா எழுதினாலும் சிக்கு மேல கிடையாது. சில ஸ்கூல் ரிசல்ட் அழகா தெரியணும்னு நடுத்தரமா படிக்கற பசங்களை சத்தமில்லாம கோர்ல தள்ளிடும், யாரு எப்ப எதை வச்சு முடிவு பண்றாங்கன்னு கேட்டு வையுங்க.

பீஸ் பத்தி கொஞ்சமா. டெர்ம் பீஸை மட்டும் பாத்து கணக்கு போடாதீங்க. அட்மிஷன் பீஸ் திரும்ப வராது, பரீட்சை பீஸ் ஒவ்வொரு சப்ஜெக்டுக்கும் தனி, வேன், யூனிபார்ம், லேப்டாப், அப்புறம் டியூஷன். ஆமா, இங்கயும் டியூஷன்தான், இந்தத் தீவே சாயங்காலம் ஆனா லெசோனுக்கு (டியூஷனுக்கு இங்க பேர்) ஓடும். கம்பெனி பீஸ் கொடுக்குதுன்னா ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலாரியட், ஏ லெவலுக்கு பதிலா வர்ற இன்னொரு சிலபஸ்) பக்கம் போற ஸ்கூலையும் பாருங்க, கையில இருந்து கட்டறீங்கன்னா ஏ லெவலே போதும்னு என் எண்ணம். பிரெஞ்சு லிசே அருமையா நடத்தறாங்க, ஆனா இந்தியா திரும்பற எண்ணம் இருந்தா அந்தப் பக்கம் போகாதீங்க.

தூரமும் பாருங்க. பேர் தெரிஞ்ச இங்கிலீஷ் வழி ஸ்கூல் மோக்கா பக்கம் கொஞ்சம், வடக்குல மாப்பு பக்கம் கொஞ்சம். கத்ர போர்ன்ல வீடு எடுத்துட்டு மாப்புல ஸ்கூல்னா போர்ட் லூயி டிராபிக்கை தாண்டி போகணும், புள்ள வேன்லயே வளந்துடும். மெட்ரோ வந்தப்புறம் ஆபீஸ் போறவங்களுக்கு நிம்மதி, ஸ்கூல் வேனுக்கு ஒண்ணும் மாறல. சைக்ளோன் காலத்துல ஸ்கூல் திடீர்னு மூடுவாங்க, 2024 ஜனவரில பெலால் அடிச்சப்ப போர்ட் லூயில கார் எல்லாம் தண்ணில மிதந்துச்சு, அந்த மாதிரி நாள்ல புள்ள பக்கத்துல இருக்கறதுதான் நல்லது.

மொத்தத்துல பிரைமரிக்கு தாராளமா சேக்கலாம்னு சொல்லுவேன், இயர் 7 டு 9 பரவாயில்ல, அதுக்கு மேல டீச்சர்ஸ் நிலைச்சு இருக்காங்களான்னு பாத்துட்டுதான். போன வருஷம் இருந்த சயின்ஸ் டீச்சர்ஸ்ல எத்தனை பேர் இன்னும் இருக்காங்கன்னு நேரா கேளுங்க, பதில் சொல்ல இழுத்தாங்கன்னா புரிஞ்சுக்கலாம். பையனுக்கு வர்ற ஜனவரில இயர் 9, வீட்டுக்காரர் பெர்மிட் அவன் இயர் 10 நடுவுல முடியுது, அதனால ரினியூவலா ஊருக்கா இப்பவே சொல்லுங்கன்னு கம்பெனில கேக்க சொல்லியிருக்கேன். ஊருக்குன்னா இயர் 9 முடிச்ச கையோட கிளம்பி நேரா ஒன்பதாவதுல சேத்துடுவோம்.