ஐந்து வருடமாகக் கர்லாக்கட்டை: ஒரு பயன்பாட்டு அனுபவம்

2020 பிப்ரவரியில் கர்லாக்கட்டை சுற்றத் தொடங்கினேன். கைப்பிடி வைத்துக் கடைந்த கனமான மரக்கட்டை, தோளைச் சுற்றி வீசிச் சுழற்றுவதுதான் பயிற்சி. அடுத்த மாதமே ஊரடங்கு. ஜிம் எல்லாம் மூடிவிட, சென்னைப் புறநகரான முடிச்சூரில் வீட்டு மொட்டை மாடியில் எனக்கு இருந்தது இந்த ஜோடிக் கட்டைதான். ஐந்து வருடம் தாண்டிவிட்டது. வாழ்க்கை ஒழுங்காக ஓடிய நாட்களை விட, ஒன்றுமே ஓடாத நாட்களில் இது எப்படிக் கையில் நின்றது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எடை. ஆர்வத்தில் நாலு கிலோ ஜோடி வாங்கினேன். இரண்டே வாரத்தில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. பிறகு ஒரு கடைசல் பட்டறையில் புளிய மரத்தில் இரண்டு கிலோவுக்குக் கடைந்து வாங்கினேன். புதிதாகத் தொடங்குபவர்கள் அதற்கு மேல் போகவேண்டாம். இது தூக்குகிற பயிற்சி இல்லை. முதுகுக்குப் பின்னால் கட்டையை இறங்க விட்டால் அந்த வீச்சிலேயே மேலே ஏறி வந்துவிடும். பிடியை இறுக்கினால் தோளும் இறுகும். நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து கல்லாகிப் போன என் தோள்பட்டை மூன்று மாதத்தில் இளகியது. மின்விசிறிக்குக் கீழே மட்டும் நிற்காதீர்கள். நடைக்கு இது ஈடாகாது, நான் தனியாக நடக்கிறேன். தோள் மூட்டு ஒருமுறையாவது விலகியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

2021 மே மாதம் கொரோனா வந்து படுத்தேன். எழுந்த பிறகு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. மூன்று வாரம் வீட்டுக்குள் நடந்துவிட்டு, ஒற்றைக் கட்டையில்தான் மறுபடி ஆரம்பித்தேன்.

உண்மையான சோதனை 2022 ஆகஸ்டில் வந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. படுக்கைப்புண் வராமல் இருக்க இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். முதல் மூன்று வாரம் கட்டையைத் தொடவே இல்லை. ஒருநாள் அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. நானும் படுத்துவிட்டால் அவரை யார் தூக்குவது?

அன்று ஒரு கணக்கு வைத்தேன். ஒரு கைக்குப் பத்துச் சுற்று. அதற்கு மேல் முடிந்தால் சரி, முடியாவிட்டால் பத்தோடு போதும். விட்டுப்போன நாளுக்காக மறுநாள் சேர்த்துச் செய்வதும் கிடையாது. அந்தக் கடன் ஏறினால் மொத்தமாக விட்டுவிடுவோம், எனக்கு அது நன்றாகவே தெரியும். கட்டையை மாடியிலிருந்து இறக்கி அப்பா அறை வாசலில், வாளிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். விடியற்காலை 4 மணிக்கு அவரைத் திருப்பிவிட்டு வெளியே வரும்போது கை தானாக அதில் போய் நிற்கும். கட்டிய கைலியோடு சுற்றலாம், சத்தமும் வராது. சில மாதத்தில் அவரைத் தூக்கும்போது பாரம் இடுப்பில் இறங்காமல் தோளில் நின்றது.

பேச்சுப் பயிற்சி தர வந்தவர், எண்களும் கிழமைகளும் வாய்க்குப் பழகியவை, சிலருக்கு முதலில் அவைதான் திரும்பி வரும் என்றார். அதன் பிறகு அப்பா கண்ணெதிரே நின்று சுற்ற ஆரம்பித்தேன், உரக்க எண்ணியபடி. பல நாள் உதடு மட்டும் அசைந்தது. ஒருநாள் நான் "மூணு" என்றதும் "நாலு" என்றார். கட்டையை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அன்று பத்து முடியவில்லை.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அப்பாவை மாடிக்குத் தூக்கிப்போகவே எங்களுக்கு நேரம் இருந்தது. கட்டை இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்தது. அவசரத்தில் வெயிலில் காயவைத்தேன், ஒன்று கைப்பிடி சேரும் கழுத்தில் பிளந்துவிட்டது. நனைந்த மரத்தை நிழலில்தான் மெல்ல உலரவிட வேண்டும். கழுத்தில் விரிசல் விட்ட கட்டையை ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள். வீச்சில் உடைந்து பறந்தால் யார் மேலாவது படும். இரண்டு மாதம் மிஞ்சிய ஒன்றை வைத்தே கை மாற்றி மாற்றிச் சுற்றினேன்.

இப்போது புது ஜோடி. இன்று காலை அப்பா முப்பது வரை எண்ணினார். நடுவில் பதினேழை விட்டுவிட்டார். நான் நிறுத்தி, "பதினேழுப்பா" என்றேன். கொஞ்சம் யோசித்து, "பதினேழு" என்றார். அங்கிருந்து மறுபடி சுற்றினேன்.