பழைய லொறியின் டீசல் பம்ப்: ரிப்பேர் கிட் போடுவதா, புதிது வாங்குவதா?

பாரத்தோடு கந்தளாய்ப் பக்கம் போகையில் லொறி இழுக்காமல் திணறினால் டாங்கியிலிருந்து டீசலை இழுத்துத் தருகிற பம்பில் உடனே கைவைக்காதீர்கள். முதலில் பில்டரை மாற்றி, குழாய்கள் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். திருகோணமலை உப்புக்காற்றில் இரும்புக் குழாய் துருப்பிடிப்பது புதினமில்லை.

பில்டருக்குப் போகும் குழாயைப் போத்தலுக்குள் விட்டுச் செல்ப் அடியுங்கள். டீசல் துடித்துத் துடித்து வரவேணும். வெறுமனே சொட்டினால் பம்ப்தான்.

பம்புக்குள் இருக்கிற ரப்பர்ச் சவ்வான டயப்பிரம் மட்டும் கிழிந்திருந்தால் கிட் போதும், செலவும் குறைவு. வால்வு தேய்ந்து, லீவர் ஆடுகிற பம்புக்குக் கிட் போடுவது ஓட்டை வாளிக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை. நானென்றால் புதிதே வாங்குவேன். இரவில் ஹபரணைக் காட்டு வழியில் நிற்க எனக்கு விருப்பமில்லை.

கிழிந்த டயப்பிரம் வழியாக டீசல் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கியிருக்கலாம்; அதனால் எதைப் போட்டாலும் ஒயில் பார்க்கிற டிப்ஸ்டிக்கை மணந்து பாருங்கள். டீசல் மணம் வந்தால், எஞ்சின் ஒயிலை மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.