எறும்புக்கு மூன்று உருண்டை, ஆறு கால்: பார்த்து வரைவதா, யோசித்து வரைவதா?

படம் வரைய வைத்து அறிவியல் சொல்லிக்கொடுக்கலாம் என்று பொதுவாகச் சொல்கிறோம். அதற்குள் நாலைந்து வழிகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே பலனைத் தருவதில்லை.

இரண்டை முதலிலேயே ஓரம் கட்டிவிடலாம். அச்சிட்ட பூவுக்கு வண்ணம் தீட்டுவது கைக்குப் பயிற்சி, அவ்வளவுதான். புத்தகத்துப் படத்தைப் பார்த்து அப்படியே வரைவது ஒரு படி மேல். பாகங்களின் பெயர் மனதில் நிற்கும், தேர்வுக்கும் உதவும். ஆனால் கோடு இழுத்து 'சூலகம்' என்று அழகாக எழுதிய பிள்ளையின் கையில் நிஜப் பூவைக் கொடுத்துப் பாருங்கள், திருதிருவென்று விழிக்கும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்குள்தான். ஒன்று, பொருளை எதிரே வைத்துப் பார்த்து வரைவது. இன்னொன்று, பார்க்காமல், எப்படி இருக்கும் என்று யோசித்து வரைவது.

எறும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்காமல் வரையச் சொன்னால் மூன்று உருண்டை வரும். ஆறு கால் என்று கேள்விப்பட்ட பிள்ளை, உருண்டைக்கு இரண்டாகப் பங்கு போட்டுவிடும். கணக்கு சரியாக வருகிறதே! அப்புறம் ஓர் எறும்பைக் கண்ணாடிக் குப்பியில் விட்டு லென்ஸைக் கொடுங்கள். ஆறு காலும் நடு உருண்டையிலிருந்தே கிளம்புகின்றன. உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருக்கிறது. 'மார்புப் பகுதி' என்ற சொல்லை நான் அதுவரை வாயில் எடுப்பதில்லை. முதல் படத்தை அழிக்கவும் விடுவதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளையே வித்தியாசத்தைச் சொல்லிவிடும். நேராக லென்ஸைக் கொடுத்திருந்தால் கால் எங்கே முளைக்கிறது என்று தேடியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

பார்த்து வரைவதற்கு இன்னொரு பலவீனமும் உண்டு. கைக்குத் தெரிந்ததைத்தான் கண் பிடிக்கும். 1609 ஜூலையில் இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் தொலைநோக்கியில் நிலவைப் பார்த்து வரைந்தார். ஒளியும் இருளும் சேரும் கோடு கரடுமுரடாக வந்தது, மலை என்று எதுவும் வரவில்லை. சில மாதம் கழித்து அதே நிலவைப் பார்த்த கலிலியோ, ஒளி நிழல் தீட்டும் பயிற்சி உள்ளவர். கரடுமுரடான அந்தக் கோட்டை மலைகளின் நிழலாகப் புரிந்துகொண்டு, 1610-இல் படங்களோடு வெளியிட்டார். ஆகவே லென்ஸ் கொடுப்பதற்கு முன்னால், ஒரு பந்தின் மேல் விளக்கு வெளிச்சம் விழுவதை வரையக் கற்றுக்கொடுப்பது வீண் வேலை அல்ல.

சரி, கண்ணுக்கே தெரியாத சங்கதிகளுக்கு? அங்கே யோசித்து வரைவதை விட்டால் வழியில்லை. ஊசி இல்லாத சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்து, தண்டை அழுத்தச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் காற்றை அழுத்துவதற்கு முன், பின் என்று புள்ளி புள்ளியாக வரையட்டும். புள்ளிகளையே சின்னதாக்கிவிடும் பிள்ளைகள் உண்டு. துகள்கள் சுருங்கவில்லை, நெருங்கின என்பதைப் பேச அந்தத் தப்பான படமே போதும். வாய்மொழியாகக் கேட்டால் 'காற்று அழுந்துகிறது' என்று சொல்லித் தப்பித்திருக்கும்.

பாதி நீருள்ள டம்ளரைச் சாய்த்தால் நீர்மட்டம் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளை வரைய வைத்து ஆராய்ந்தவர் ஸ்விட்சர்லாந்தின் ழான் பியாஜே. நீர்மட்டம் தரைக்கு இணையாகத்தான் நிற்கும், பிள்ளைகளோ டம்ளரின் அடிப்பாகத்துக்கு இணையாகவே கோட்டைச் சாய்ப்பார்கள். பெரியவர்களிலும் கொஞ்சம் பேர் மாட்டிக்கொள்வார்கள், வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

என் ஓட்டு: பார்க்கக் கிடைக்கும் பொருளுக்கு முதலில் யோசித்து ஒரு படம், பிறகு பார்த்து ஒரு படம். நேரம் பிடிக்கும், ஒரு வகுப்பில் ஒரு பொருள்தான் முடியும். 'எனக்கு வரையவே வராது' என்று சுருங்கும் பிள்ளைக்குக் குச்சிக் கோடு போதும் என்று முன்னாடியே சொல்லிவிட வேண்டும்.

தூரமும் அளவும் என்று வந்துவிட்டால் மட்டும் காகிதத்தை விட்டுக் களிமண்ணுக்குப் போய்விடுவேன். புத்தகப் படங்களில் பூமியும் நிலவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பூமியை 4 செ.மீ. உருண்டையாகப் பிடித்தால் நிலவு சுமார் 1.1 செ.மீ. வரும். எங்கே வைப்பது என்று கேட்டால் ஒரு சாண் தள்ளி வைப்பார்கள். சரியான இடம் 120 செ.மீ. தள்ளி, மேசை பத்தாமல் யாராவது ஒரு பிள்ளை நிலவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.